இடப்பக்கத்து எழுத்துகள்

அபிதா வந்து நின்றபோது அந்த அறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் என் தம்பி சுருளிராஜன். கட்டிலுக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த ஸ்டூலில் எனக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா சங்கிலியம்மாள். அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி அவள் வீட்டுக்காரர் ஒச்சாண்டி. கால்மாட்டில் நான், பிச்சைமணி, இந்தக் குடும்பத்துக்கு மூத்தவன். என் பக்கத்தில் சங்கிலியம்மாளின் மகன் சுரேஷ்கண்ணன். தம்பியின் மனைவி மகாலட்சுமி அப்போது அறையில் இல்லை. மகளை அழைத்துவர ஆஸ்பத்திரி வாசலுக்குப் போயிருந்தாள். மகள் பின்பக்கப் படிக்கட்டு வழியாக ஏறி வந்துவிட்டாள். வேறு யாரும் அங்கே இல்லை. தாங்களும் கூட இருந்து பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அன்றைக்குத் தேனிக்கே வராதவர்கள்.

ஓடைப்பட்டியில் எங்கள் குடும்பத்துக்குத் திராட்சைப் பந்தல் உண்டு. அண்ணன் தம்பி இருவருக்கும் பிரிக்காத பந்தல். அதில் நிற்பவன் நான். தம்பி மண்ணில் நின்றவன் இல்லை. சின்னமனூரில் மாடியில் இரண்டு அறை பிடித்து டைப் பழகும் இடம் வைத்தான். முதலில் மெஷின்கள், பிறகு கம்ப்யூட்டர்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அங்கே அடித்துக் கொடுப்பான். அவன் அடித்ததில் ஒற்றுப்பிழை இருக்காது என்று கம்பம் வரைக்கும் பெயர்.

கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துகளைப் பல விதமாக அடுக்கிவைக்கலாமாம். அரசுப் பரீட்சைக்குப் போகிறவர்களுக்குப் பழைய மெஷின் வரிசை வேண்டும். சுரேஷ்கண்ணன் மாதிரி ஆட்கள் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைப்பார்கள். தம்பிக்குப் பிடித்தது தமிழ்99 என்கிற வரிசை. அதில் உயிரெழுத்துகள் எல்லாம் பலகையின் இடது பாதியில் இருக்கும். மெய்யெழுத்துகள், ஒன்றிரண்டைத் தவிர, வலது பாதியில் இருக்கும். வலது விரல் ‘க’வைத் தட்டி இடது விரல் ‘ஊ’வைத் தட்டினால் ‘கூ’ வரும். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் அவன் முதலில் சொல்வது, “உயிரு இடது கையில, மெய்யி வலது கையில. ரெண்டு கையும் இருந்தாத்தேன் தமிழு.” கட்டை விரல் அகலத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கரில் எழுத்தை அச்சடித்து ஒவ்வொரு கட்டையிலும் அவனே ஒட்டிவைப்பான்.

அபிதா அவனுக்கு ஒரே மகள். அவன் மடியில் உட்கார்ந்து பழகியதால் பலகையில் எழுதத் தெரிந்த பிறகுதான் அவளுக்குச் சிலேட்டில் எழுத வந்தது. வலது கையின் நடு வரிசையை ‘க ப ம த ந ய’ என்று பாட்டாகப் பாடிக்கொண்டு கயிறு தாண்டுவாள். களத்தில் திராட்சை பெட்டி போடுகிற பெண்களுக்கெல்லாம் அந்தப் பாட்டு வாயில் வந்துவிட்டது. அர்த்தம் ஒருத்திக்கும் தெரியாது.

அவள் படித்து முடித்து மலை மேலிருக்கிற வண்டன்மேட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற கடை ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கேயே, மலைக்கு அந்தப் பக்கத்துப் பையன் ஒருவனை, எங்களைக் கேட்காமல் கட்டிக்கொண்டாள். அந்தப் பையனைப் பற்றி நான் குறை சொல்லவில்லை, அவனை எனக்குத் தெரியாது. கேட்கவில்லை என்பதுதான் குறை. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் கேட்டிருக்க வேண்டும். அவள் பெயரை இனிமேல் இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று உறவுக்காரர்கள் முன்னால் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். ஆறு வருஷம் அவனும் எடுக்கவில்லை. கம்பமெட்டு வழியாக ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம், அவ்வளவு தூரம்தான். போகவில்லை. என் பேச்சுக்கு அவன் கொடுத்த மரியாதை அது.

அவனுக்குப் பக்கவாதம் வந்தது டைப் சென்டரில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. தேனிக்குக் கொண்டுபோனோம். மூளையில் வலப்பக்கத்தில் அடி, உடம்பில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட்டார்கள். அதனால் பேச்சு வராது. தனி அறைக்கு மாற்றிய அன்று சங்கிலியம்மாள் கதவோரமாக நின்று, “தம்பி” என்று கூப்பிட்டாள். கதவு அவனுக்கு இடப்பக்கம். அவன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பித் திரைச்சீலையைப் பார்த்தான். இன்னொரு முறை கூப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கமே திரும்பினான்.

“அண்ணே, நான் இங்கன நிக்கேன். அவன் என்னய அங்கன தேடுறான்” என்று அழுதாள்.

டாக்டரிடம் கேட்டோம். பொறுமையான மனிதர், எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். கண்ணிலும் காதிலும் குறை இல்லை, ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது, இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் குரல் கேட்கும், ஆளை வலப்பக்கத்தில்தான் தேடுவார், அதனால் யாராக இருந்தாலும் வலப்பக்கமாக வந்து நின்று பேசுங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். ஸ்டூலைத் தூக்கி ஜன்னலோரம் போட்டது சுரேஷ்கண்ணன். அதில் உட்கார்ந்தது சங்கிலியம்மாள். அன்றிலிருந்து அந்த ஸ்டூலை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

ஏதோ சொல்ல வேண்டும் என்று தம்பி விரலை மெத்தையில் தட்டிக்கொண்டே இருந்தான். மகாலட்சுமிக்குத்தான் அது டைப் அடிக்கிற தட்டு என்று புரிந்தது. சென்டரிலிருந்து அவனுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். சாப்பாடு வைக்கிற மேசையை நகர்த்தி நெஞ்சுக்கு நேரே வைத்தோம். அவன் வலது கை தானாக அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அடித்தான்.

பத.

அவ்வளவுதான். எழுத்து திரையின் இடது ஓரத்தில் விழுந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டவன் மாதிரி எங்கள் முகத்தைப் பார்த்தான். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் மறுபடி அடித்தான். பத. பிறகு இன்னொரு சொல்லும் சேர்ந்து வந்தது. பத கப்பட.

சங்கிலியம்மாள் முதலில் படித்தாள். “பாதினு கேக்குறான்ணே. பந்தல்ல அவன் பாதியக் கேக்குறான்.”

“சாகக் கெடக்குறவனுக்குப் பந்தலு எதுக்குடி? பத்தியச் சோறுனு எழுதுறாப்ல” என்றார் ஒச்சாண்டி.

“ஒங்களுக்குச் சோத்து நெனப்புத்தேன்.”

நான் தம்பியிடம் போய்க் கேட்டேன். பாதி அவனுக்கு எப்போதும் உண்டு, கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று. பாதையா, பழைய பாக்கி ஏதாவதா, பத்திரமா என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றான். அப்புறம் தலையை ஆட்டுவதையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் சங்கிலியம்மாள் தான் வாக்கப்பட்ட கோம்பைக்குப் போன் போட்டுப் பேசியது பேசியதுதான். தம்பி பாதி கேட்டான், அண்ணன் மசியவில்லை என்று மறுநாளே ஓடைப்பட்டிக்குச் செய்தி வந்து சேர்ந்தது.

அந்த மறுநாள் மத்தியானம் எல்லோரும் டீ குடிக்க இறங்கிப் போயிருந்தார்கள். தம்பி தூங்கினான். நான் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. ஆனால் மஞ்சள் ஸ்டிக்கரில் இருந்தது தமிழ் எழுத்து, அதைப் படிக்கத் தெரியும். காலையில் நர்ஸ் குழாயைத் துடைத்தபோது விழுந்த ஒரு பஞ்சுத் துணுக்கு பலகையின் இடது பாதியில் கிடந்தது. காலையிலிருந்து மறுபடியும் அவ்வளவு அடித்திருக்கிறான், அந்தப் பஞ்சு விழுந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதை எடுத்தேன். அடியில் அ, இ, உ.

உயிர் அத்தனையும் அந்தப் பக்கத்தில் இருந்தது. அவனைப் பொறுத்தவரை அந்தப் பக்கமே கிடையாது. மெய்யை மட்டும் அடித்துவிட்டு முழுச்சொல்லையும் அடித்ததாக நினைத்திருக்கிறான்.

கப்பட என்பதற்கு உயிரைப் போட்டுப் பார்த்தேன். கூப்பிடு. அதற்கு அதிக நேரம் ஆகவில்லை. மற்றதற்குத்தான் ஆனது. பாதி, பாதை, பூதம், போதும் என்று நாங்கள் எல்லோரும் ‘ப’வில் தொடங்கித்தான் தேடியிருந்தோம். சொல்லுக்கு முன்னாலேயே ஓர் உயிர் இருந்து, அது மொத்தமாக விழுந்திருக்கலாம் என்று தோன்றவில்லை. தோன்றியதும் பஞ்சு கிடந்த பக்கத்திலிருந்து தொடங்கி எழுத்துக் கூட்டினேன். அ. பி. தா.

தம்பி கண் விழிக்கும் வரை காத்திருந்தேன். வலப்பக்கமாகப் போய்க் குனிந்தேன். ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை முதலில் சொன்னது நான்தான்.

“அபிதாவக் கூப்பிடணுமா?”

அவன் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கண்ணீர் விட்டான். விழுந்துபோன இடப்பக்கத்துக் கண்ணிலிருந்தும் வந்தது.

கதவருகில் மகாலட்சுமி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

“மொத நாளே எனக்குப் புரிஞ்சிருச்சு மாமா” என்றாள்.

“பெறகு ஏன் சொல்லல?”

“நீங்க இருந்தீக.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போன் போடு என்றேன். எண்ணை எங்கும் பார்க்காமல் மனப்பாடமாக அழுத்தினாள். அதையும் நான் கேட்கவில்லை. அப்பாவுக்கு உடம்பு இப்படி இருக்கிறது, உன்னைத்தான் கூப்பிடுகிறார், பெரியப்பாவே சொல்லிவிட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். இடப்பக்கம் வலப்பக்கம் என்பதை அந்த அழுகைக்குள் அவள் சொல்லவில்லை. நேரில் வந்ததும் கூட இருந்து காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் முற்பகலில் அபிதா வந்தாள். அவள் புருஷன் பின்பக்கமாக ஜீப்பை நிறுத்திவிட்டுக் கீழேயே நின்றுகொண்டானாம். அது அவனுடைய மரியாதை. தாய் முன்வாசலில் நிற்க, மகள் பின்படியில் ஏறி, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கூடவே ஏலக்காய் வாசமும் வந்தது. இளைத்திருந்தாள். கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடத்தில் நின்றாள். நிற்க அங்கேதான் இடம் இருந்தது. ஜன்னல் பக்கம் சங்கிலியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. ஒச்சாண்டியும் விலகவில்லை.

“அப்பா” என்றாள்.

தம்பியின் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. தலை தலையணையில் உரசிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியது. அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவன் பின்னந்தலையும் இடது காதும்தான் தெரிந்திருக்கும். நான் கால்மாட்டில் நின்றதால் எனக்கு அவன் முகம் தெரிந்தது. சங்கிலியம்மாளைத் தாண்டி, ஒச்சாண்டியைத் தாண்டி, திரைச்சீலை வரைக்கும் அவன் கண் போய்ப் போய் வந்தது. வலது கை மெத்தை ஓரத்தைத் தடவியது.

“அப்பா, நான்தேன். அபிதா.”

இன்னும் திரும்பினான். கழுத்துக்குழாய் இழுத்துக்கொண்டு நிற்கும் அளவுக்குத் திரும்பினான்.

அந்தப் பக்கமாக வந்து நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கே இருந்த எல்லோருக்கும் டாக்டர் சொன்னது தெரியும். சங்கிலியம்மாள் தானே பட்டுத் தெரிந்துகொண்டவள். ஆனால் அபிதாவோடு பேசுவதில்லை என்பது எங்களுக்குள் பழகிப்போயிருந்தது. அவள் அறைக்குள் வந்ததுமே வாய்கள் தாமாக மூடிக்கொண்டன. சுரேஷ்கண்ணன் மட்டும் வாயைத் திறந்தான். திறந்தவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மூடிக்கொண்டான். தம்பிக்காகத்தான் நான் அவளை வரவழைத்தேன். அவளோடு பேசுவதற்காக இல்லை என்று எனக்குள் வைத்திருந்தேன். அவள் ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் ரொம்ப நேரம் நிற்கவில்லை.

“சரிப்பா. நான் வாறேன்” என்றாள்.

கதவு மூடிய பிறகும் தம்பி ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டி மேசையைத் தேடினான். சுரேஷ்கண்ணன் லேப்டாப்பை நகர்த்தி வைத்தான். பத என்று அடித்தான். பத பத பத என்று வரி நிறைய அடித்தான். அவள் என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடு, அவளைக் கூட்டிவா என்றேன். சுரேஷ்கண்ணன் படியில் விழுந்து எழுந்து ஓடினான். ஜீப் போய்விட்டிருந்தது. மகாலட்சுமி வாசலிலேயே நின்று போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அப்புறம் மணியும் அடிக்கவில்லை. அதற்குள் மலை ஏறியிருப்பார்கள்.

சாயங்காலம் தம்பிக்கு இரண்டாம் முறை வந்தது. அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் முடிந்துவிட்டது.

போஸ்டர் அடிக்க வேண்டும் என்றார்கள். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் போஸ்டர் அடித்துக் கொடுத்தவனுக்கு அடிக்க ஆள் இல்லை. சுரேஷ்கண்ணன்தான் அவன் வழியில், இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தட்டி அடித்தான். வருந்தும் குடும்பத்தார் என்று போட்டு, மனைவி மகாலட்சுமி என்று அடித்துவிட்டு, நிறுத்தி என்னைப் பார்த்தான்.

“மகள் அபிதானு போடு” என்றேன். “மருமகன் பேரையும் அவ அம்மாகிட்டக் கேட்டுப் போடு.”

ஓடைப்பட்டி வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் தம்பியைக் கிடத்தியிருந்தோம். பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அபிதா வந்து தெருவிலேயே நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். வலப்பக்கம் நெஞ்சுக்கு நேரே சங்கிலியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“சங்கிலி, எந்திரி. அது அவ எடம்.”

அவள் எழுந்தாள். எழுந்து என் காதருகில் வந்து, கோபமே இல்லாமல் கேட்டாள்.

“செத்த பெறகு எந்தப் பக்கம் நின்னா என்னண்ணே?”

தெருவைப் பார்த்துச் சொன்னேன்.

“ஆத்தா அபிதா. வலப்பக்கமா வந்து நில்லு.”

வந்தாள். கண்ணாடி மேல் கை வைத்தாள். சத்தம் போட்டு அழவில்லை. அவள் தகப்பன் முகம் அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்துதான் இருந்தது, தாடையைத் துணியால் கட்டியவர்கள் நேராக்கப் பார்த்தும் நிற்கவில்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, டாக்டர் சொன்னது முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். ஸ்டூல், ஜன்னல், பஞ்சு, எல்லாம். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

“நான் வந்தது அப்பாவுக்குத் தெரியுமா பெரியப்பா?”

“தெரியும். அதுக்குத்தேன் திரும்புனான்.”

அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர்கள். ஒரு நாளில் நான் சொன்னதை அவள் ஏன் நம்ப வேண்டும்? தாயின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். லேப்டாப்பை மகாலட்சுமி அவளிடம் கொடுத்தாள். அவள் அதை மூடியபடியே மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

இப்போது ஊரில் பேசுவது என் காதுக்கு வருகிறது. பந்தலில் பாதி கேட்டான், அண்ணன் கொடுக்கவில்லை, அந்த ஏக்கத்தில் செத்தான் என்கிறார்கள். அவன் பாதி கேட்கவில்லை. மகளைக் கேட்டான். ஓடிப்போன மகள் வந்து நின்றபோது சாகிற நேரத்திலும் தகப்பன் மானத்தை விடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று கோம்பையில் சிலர் பெருமையாகவே பேசுகிறார்களாம். எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பெருமை வேண்டாம். சுருளிராஜன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அபிதா அவனுக்கு இடப்பக்கம் நின்றாள். அவன் அவளை வலப்பக்கம் தேடினான்.